அம்மாவின் காக்கா, அப்பாவின் அணில்

வில்லிவாக்கம் வீட்டில் எங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தை முடிவு செய்தது காக்காதான். சோறு வடித்ததும் அம்மா முதல் கரண்டியை எடுத்து, பருப்பும் ஒரு சொட்டு நெய்யும் விட்டுப் பிசைந்து, எவர்சில்வர் மூடி ஒன்றில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். கைப்பிடிச் சுவர் மூலையில் உருண்டையை வைத்துவிட்டு "கா... கா..." என்று கூப்பிடுவாள். கீழே அப்பா கை கழுவிவிட்டுக் காத்திருப்பார். பசி தாங்காத நாளில் படிக்கட்டின் அடியில் வந்து நின்று, "எடுத்துச்சா?" என்று குரல் கொடுப்பார். "எடுத்துச்சு" என்று மேலிருந்து பதில் வந்த பிறகுதான் தட்டு போடும் சத்தம் கேட்கும். சாதாரண நாளில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அமாவாசையன்று மட்டும் பேச்சே கிடையாது. காக்கா மூன்று மணிக்கு வந்தால் மூன்று மணிக்குத்தான் சாப்பாடு.

அதே மாடியில் அப்பாவுக்கு வேறு ஒரு வேலை இருந்தது. அணில் விரட்டுவது.

பின்பக்கம் ஒரு கொய்யா மரம். சிவப்புக் கொய்யா என்று நம்பி வாங்கி, வெள்ளையாகக் காய்த்தது. ஆனாலும் அப்பாவுக்கு அது செல்ல மரம். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வெல்டிங் பார்த்தவர், ரயில் பெட்டிக்கே கதவு போட்டவர், ஒரு கொய்யா மரத்துக்குப் பாதுகாப்பு போட முடியாமல் தோற்றுப்போனார். அடிமரத்தில் தகரம் சுற்றினார். அணில் பக்கத்து வீட்டு சன்ஷேடிலிருந்து தாவியது. வலை போட்டார், வலையில் ஓட்டை போட்டது. கடைசியில் பழைய சாக்ஸ்களைக் காய்களுக்கு மாட்டிவிட்டார். ஒரு மாதம் மரம் முழுக்க சாக்ஸ் தொங்கியது. பிறகு ஒரு நாள் சாக்ஸைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே பழம் இல்லை. பழத்தின் காம்பும் சாக்ஸில் ஒரு ரூபாய் அளவு ஓட்டையும் இருந்தன. "நான் என்ன இந்த அணிலுக்கா ஓவர்டைம் பார்த்தேன்?" என்று அப்பா அன்று கேட்டது இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஓடுகிற வசனம்.

அந்த மாடியில் வளர்ந்ததால் எனக்கு இந்த இரண்டையும் தனித்தனியாக நினைக்க வருவதே இல்லை. காக்கா என்றால் பக்கத்தில் அணில் வந்துவிடும். ஒன்று பறவை, இன்னொன்று எலியைப் போலக் கொறித்துத் தின்கிற கொறிணி. சேர்த்துப் பேச நியாயமே கிடையாது. ஆனால் சென்னையில் ஒரு மொட்டை மாடியை யார் யார் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று பார்த்தால், பட்டா இல்லாத இரண்டு பங்காளிகள் இவர்கள்தான். புறா பிறகு வந்த வாடகைதாரர். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், விட்டுவிடுகிறேன்.

கல்லூரி விலங்கியல் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒருமுறை அம்மாவிடம், "அணில் எலி ஜாதிம்மா" என்று சொன்னேன். "போடி. எலி எங்க, அணில்பிள்ளை எங்க. ராமர் தடவிக் குடுத்தது அது" என்றாள். தமிழில் எந்த எலிக்கும் 'பிள்ளை' பட்டம் கிடையாது. கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை, அணில்பிள்ளை, தென்னம்பிள்ளை. அந்த வரிசையில் இடம் பிடித்துவிட்ட பிறகு நீ கொறிணி வரிசையைச் சேர்ந்தவன் என்று அணிலிடம் யார் சொல்ல முடியும்?

ஆனால் சேர்ந்ததுதான். நம்மூர் மூன்று கோட்டு அணிலுக்கு அறிவியல் பெயர் ஃபுனாம்புலஸ் பால்மாரம். ஃபுனாம்புலஸ் என்றால் லத்தீனில் கயிற்றின்மேல் நடப்பவன், நம் கழைக்கூத்தாடி. பால்மாரம் என்றால் பனை, தென்னை வகை மரங்களுக்குரியது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அந்தப் பெயரை வைத்தவர்கள் சென்னைத் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கப்போகும் கேபிள் கட்டுகளை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பெயர் என்னவோ அதற்காகவே வைத்தது போல இருக்கிறது. எங்கள் தெருவில் அணில்கள் தரையில் இறங்காமலே முனைக்கடை வரை போய் வரும்.

காக்காவின் பெயர் அதைவிட வேடிக்கை. கார்வஸ் ஸ்ப்ளெண்டென்ஸ். ஸ்ப்ளெண்டென்ஸ் என்றால் ஒளிர்வது, பளபளப்பது. 1817-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். குப்பைத்தொட்டி மேல் உட்கார்ந்து கோழிக்காலை இழுத்துக்கொண்டிருக்கும் பறவைக்கா இந்தப் பெயர் என்று சிரிப்பு வரலாம். மார்கழி வெயிலில் அது கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும்போது பக்கவாட்டில் பாருங்கள். இறக்கையில் நீலமும் ஊதாவும் ஓடும். கழுத்தில் சாம்பல் நிறச் சால்வை. அந்தச் சால்வை இல்லாமல் முழுக் கறுப்பாக, கனத்த அலகோடு வருவது அண்டங்காக்கை. அது வேறு இனம். அம்மாவின் விருந்தாளி சால்வை போட்ட ஊர்க்காக்காதான். அண்டங்காக்கை வந்து சோற்றை எடுத்தால் கணக்கில் சேருமா என்று நான் கேட்டதற்கு, "எடுத்தா சரிதான். ஆனா அது கொஞ்சம் ரவுடி" என்றாள்.

ஊர்க்காக்கா முந்நூறு கிராம் சுமாருக்கு இருக்கும், அணில் நூறு கிராம். மூன்று அணில் எடை ஒரு காக்கா. ஆனால் சேதக் கணக்கு எடையைப் பார்த்து வருவதில்லை.

அணிலின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எலி, பெருச்சாளி, முள்ளம்பன்றி எல்லாவற்றுக்கும் அப்படித்தான். கொறிணி வரிசையின் அடையாளமே அதுதான். பல்லின் முன்பக்கத்தில் மட்டும் கெட்டியான பூச்சு, பின்பக்கம் கொஞ்சம் மெத்து. கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் சீக்கிரம் தேய்ந்து முன்பக்கம் உளி போலக் கூராகவே நிற்கும். சாணை பிடிக்க வேண்டாத உளி. தேய்க்காமல் விட்டால் பல் வளர்ந்து வாயையே மூட விடாமல் செய்துவிடும். அதனால் தேங்காய் ஓடு கிடைத்தால் தேங்காய் ஓடு, கிடைக்காவிட்டால் ஏ.சி. குழாயைச் சுற்றியிருக்கும் கறுப்பு நுரை. இல்லையென்றால் இன்டர்நெட் கேபிள். நான் வீட்டிலிருந்து வேலை பார்த்த மாதங்களில் மூன்று முறை இணைப்பு போனது. மூன்று முறையும் கேபிள்காரத் தம்பி ஏணியிலிருந்தபடியே, "மேடம், அணில்" என்றார். நான்காம் முறை போனபோது நானே ஆபீஸில் "அணில்" என்று சொல்லிப் பார்த்தேன். பெங்களூரில் இருந்த மேலாளர் நம்பவில்லை.

அவரை எப்படிக் குறை சொல்வது? 2021-இல் மின்வெட்டுக்கு அணில்களும் ஒரு காரணம் என்று நம் மின்துறை அமைச்சர் சொன்னபோது ஊரே சிரித்தது. வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் அணில் மீம்தான். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ஆளு சொல்றது கரெக்ட்தான்" என்றார். எந்தக் கட்சி என்ன சொன்னாலும் திட்டுகிறவர் ஒரு அமைச்சருக்குப் பரிந்து பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பிறகு ஒரு தாளை எடுத்துப் படம் போட்டு விளக்கினார். காக்கா ஒரே கம்பியில் இரண்டு காலையும் வைத்து உட்காருகிறது. இரண்டு காலுக்கும் ஒரே மின்னழுத்தம், அதனால் உடம்பு வழியாக மின்சாரம் ஓட வேலையில்லை. அணில் அப்படி இல்லை. அது கம்பத்திலிருந்து கம்பிக்கு ஏறுகிற ஜந்து. பின்னங்கால் தரையோடு இணைந்த இரும்பில் இருக்கும்போதே முன்னங்கால் மின்சாரம் ஓடும் பாகத்தைத் தொட்டுவிட்டால், நடுவில் இருக்கிற உடம்புதான் பாதை. டிரான்ஸ்பார்மர் பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். அணிலும் போச்சு, தெரு விளக்கும் போச்சு. காக்காவும் இறக்கையை விரித்து இரண்டு கம்பியை ஒரே நேரத்தில் தொட்டால் அதே கதிதான். எங்கள் தெருவில் அப்படி ஒன்று விழுந்த அன்று, எங்கிருந்துதான் வந்தனவோ, நூறு காக்கா கூடி இருட்டும்வரை கத்தித் தீர்த்தன. அணில் செத்துக் கிடந்தால் இன்னொரு அணில் எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை.

இந்த இடத்தில்தான் இரண்டும் அடியோடு பிரிகின்றன. காக்காவுக்கு எல்லாமே கூட்டத்தோடு. காக்கை கரவா கரைந்துண்ணும் என்று வள்ளுவர் அதற்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டார். அம்மாவின் மாடியில் பல வருடம் பார்த்தவள் என்ற முறையில் எனக்கு அதில் சின்ன ஆட்சேபம் உண்டு. வெறும் பருப்புச் சோறு என்றால் கூப்பிடும், உண்மை. தட்டில் ஒரு மெதுவடை இருந்தால் கூப்பிடாது. சத்தமில்லாமல் வடையைக் கவ்வி, இரண்டு வீடு தள்ளிப் போய், பூந்தொட்டி இடுக்கில் ஒளித்து வைத்து, மேலே ஒரு காய்ந்த இலையைப் போட்டு மூடிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி திரும்பி வந்து "கா" என்று சுற்றத்தை அழைக்கும். வள்ளுவர் பார்த்தது சோறு வைத்த நாளாக இருந்திருக்க வேண்டும்.

அணில் யாரையும் கூப்பிடாது. பின்னங்காலில் குந்தி, இரண்டு கையாலும் பிடித்து, கொய்யாவை உருட்டி உருட்டித் தின்னும். சாப்பிடுகிற மனுஷன் மாதிரியே இருக்கும். குழந்தைகளுக்கு அதைப் பிடித்துப்போகக் காரணம் அந்தக் கைகள் என்று நினைக்கிறேன். அது வாயைத் திறப்பது பூனையையோ பாம்பையோ பார்த்தால்தான். வாலைச் சொடுக்கிச் சொடுக்கி 'கீச் கீச்' என்று பத்து நிமிஷம் விடாமல் எச்சரிக்கும். மரத்திலிருந்து இறங்கும்போது தலைகீழாக இறங்கும். பின் பாதங்களைப் பின்பக்கமாகத் திருப்பி நகத்தால் கொக்கி போட்டுக்கொள்கிற வசதி அதற்கு உண்டு. பூனைக்கு அது வராது. ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் கத்தும். நாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'அணிலை ஏறவிட்ட நாய்' என்று பழமொழியே இருக்கிறது.

புத்தியில் காக்கா ஒரு படி மேல் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு சில காகங்களைப் பிடித்து வளையம் மாட்டி விட்டார்கள். பிறகு வருடக் கணக்கில் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் திட்டின. பிடிபடாத காகங்களும் சேர்ந்து திட்டின. அது அமெரிக்கக் காகம், வேறு இனம். நம்மூர் இனத்துக்கு எதிர் வீட்டு அக்காவே போதுமான ஆய்வு. ஒரு சித்திரை மாதம் அவர் தன் வீட்டு வேப்பங்கிளையில் இருந்த காக்காக் கூட்டை ஒட்டடைக் கம்பால் தள்ளிவிட்டார். கூடு கீழே விழுந்தபோது பார்த்தால் பாதிக்கு மேல் கட்டுக்கம்பி. பக்கத்தில் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. கான்கிரீட் கம்பி கட்டுகிற கம்பியைக் காக்கா அங்கிருந்து கொண்டுவந்து பின்னியிருக்கிறது. ஒரு துணி ஹேங்கரும் இருந்தது. அது எங்கள் வீட்டு ஹேங்கர். அன்றிலிருந்து ஆடி மாதம் வரை அந்த அக்கா துணி காயப்போட ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் மாடிக்கு வந்தார். கூடவே வரும் அவர் மாமியாரைக் காக்கா தொடவே இல்லை. அந்த அம்மாளுக்கு அதில் இருந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

இத்தனை புத்தியுள்ள காக்காவைக் குயில் ஏமாற்றிவிடுகிறது என்பது இன்னொரு பக்கம். பெண்குயில் புள்ளி போட்டது; ஆண்தான் கறுப்பு, கூவுவதும் அதுதான். காக்காவின் முட்டை பொரிய 16, 17 நாள் ஆகும். குயில் முட்டை இரண்டு மூன்று நாள் முன்பே பொரிந்து, வாயைப் பிளந்துகொண்டு முதல் பந்தியில் உட்கார்ந்துவிடும். மே மாதம் எங்கள் வேம்பில் ஒரு காக்கா புள்ளி போட்ட பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருப்பதை அம்மா காட்டினாள். "தெரியாமலா இருக்கும்? வாயத் தெறந்து நிக்குதே, என்ன பண்ணும் பாவம்" என்றாள்.

இரண்டுக்குள்ளும் நேரடிப் பகையும் உண்டு. அணில் தேங்காய் நாரும் பஞ்சும் கிழிந்த துணியும் சேர்த்துப் பந்து மாதிரி கூடு கட்டி இரண்டு மூன்று குட்டி போடும். கண் திறக்காத, ரோமமில்லாத குட்டிகள். காக்காவுக்கு அது பலகாரம். ஆறாம் வகுப்பில் நான் காக்காவின் அலகிலிருந்து தவறி விழுந்த ஒரு குட்டியை எடுத்து, செருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்து, இங்க் ஃபில்லரால் பசும்பால் புகட்டினேன். மூன்றாம் நாள் வயிறு உப்பிச் செத்துப்போனது. பசும்பால் அணில்குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது என்று அன்று யாரும் சொல்லவில்லை. கொய்யா மரத்தடியில் அப்பாதான் குழி தோண்டினார். "ஒரு எதிரி குறைஞ்சான்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து மேலே ஒரு செங்கல்லை நட்டு வைத்தார். மறுநாள் அம்மா வழக்கம்போலக் காக்காவுக்குச் சோறு வைத்தபோது நான் அவளோடு பேசவில்லை.

கதைகளிலும் அந்தப் பாரபட்சம் இருக்கத்தான் செய்கிறது. ஒரே ராமர். சேதுவுக்கு மணல் உதறிய அணிலைத் தடவிக்கொடுத்தார். சீதையைக் கொத்திய காகாசுரன்மீது புல்லை அம்பாக விட்டு ஒரு கண்ணை வாங்கிக்கொண்டார். காக்கா எதையும் தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகப் பார்ப்பதற்கு இதுதான் காரணம் என்பார்கள். கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கிற பறவை வேறெப்படிப் பார்க்கும்? அணில் கதையிலும் ஒரு சிக்கல் உண்டு. வடநாட்டு அணிலுக்கு முதுகில் ஐந்து கோடு. அங்கே ஐந்து விரலாலும் தடவியிருக்கிறார். நமக்கு வரும்போது மூன்றாகக் குறைந்துவிட்டது. மத்திய அரசு நிதி ஒதுக்குவது மாதிரிதான் என்று அப்பா சொல்லுவார்.

சட்டம் இன்னும் மோசம். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருந்தது. அதில் உள்ளவற்றுக்குப் பாதுகாப்புக் கிடையாது, தீங்குயிர்கள் என்று பொருள். எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால், கூடவே காக்கா. அசல் கொறிணியான அணில் அந்தப் பட்டியலில் இல்லை. ஊரே அமாவாசைக்கு அண்ணாந்து பார்த்துக் கூப்பிடுகிற பறவை, காகிதத்தில் ஐம்பது வருடம் எலியோடு உட்கார்ந்திருந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். ஆனால் கடல் தாண்டிப் போன காக்காக்களுக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. 1890களில் சான்சிபாருக்குக் கொண்டுபோனது, கிழக்கு ஆப்பிரிக்கக் கரை முழுக்கப் பரவிவிட்டது. 2024-இல் கென்யா பத்து லட்சம் காக்காக்களை ஒழிக்கப்போவதாக அறிவித்தது. உள்ளூர்ப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் விட்டுவைப்பதில்லை என்பது அவர்கள் புகார், நியாயமான புகார்தான். அதே இனம் 1994-இல் தானாகக் கப்பலேறி நெதர்லாந்துத் துறைமுகம் வரை போயிருக்கிறது. கப்பலில் மனிதர் இருந்தார்கள், மனிதரிடம் சோறு இருந்தது. அதற்கு மேல் அதற்கு என்ன வேண்டும்?

இதைத்தான் நான் வெகு நாள் கவனிக்கத் தவறினேன். ஊர்க்காக்கா மனிதரை ஒட்டியே வாழ்கிற பறவை. மனிதக் குடியிருப்பு இல்லாத காட்டில் அதைப் பார்க்க முடியாது. அதற்கு மரம்கூட அவசியமில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் எங்கள் வேம்பை வேரோடு சாய்த்தது. மறுநாள் காலை காக்காக்கள் வந்து, விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் கூச்சல் போட்டன. அடுத்த சித்திரையில் செல்போன் கோபுரத்தில் கூடு. அம்மாவின் சோற்றுக்கு ஒரு நாள்கூடத் தவறவில்லை. அணில்களோ காணாமலே போயின. நாலைந்து மாதம் கொய்யா மரத்தில் கொய்யா பழுத்து, நாங்களே தின்று, அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தோம். அப்பா முதல் வாரம் வெற்றி வீரர் மாதிரி நடந்தார். இரண்டாம் மாதம், "எங்கதான் போச்சு அதுங்க?" என்று சன்ஷேடை எட்டி எட்டிப் பார்த்தார்.

2020 ஊரடங்கில் இது தலைகீழானது. ஓட்டல், டீக்கடை, பிரியாணிக் கடை எல்லாம் மூடிக்கிடக்க, தெருவின் மொத்தக் காக்காவும் அம்மாவை நம்பி மாடிக்கு வந்தது. இரண்டு ஆழாக்கு அரிசி கூடுதலாக வடித்தாள். வெயில் தாங்காமல் வாயைப் பிளந்துகொண்டு இரைக்கும், பறவைக்கு வியர்க்காதே. மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் குடிப்பதோடு நிற்காது, எங்கிருந்தோ கொண்டுவந்த காய்ந்த ரொட்டியை அதில் ஊறப்போட்டுத் தின்னும். தண்ணீர்த்தொட்டி மூடியைத் திறந்து வைத்தால் அதிலும் ஊறப்போடும். மேல்தொட்டியில் கோழி எலும்பு கிடந்து ஒருமுறை தொட்டி முழுக்கக் கழுவ வேண்டியதாகிவிட்டது. அணில்களுக்கு ஊரடங்கு பொற்காலம். வண்டி இல்லை, சத்தம் இல்லை. வாசல் கோலத்தின் மேலேயே உட்கார்ந்து அரிசிமாவை நக்கின.

2022 மாசியில் அம்மா போய்விட்டாள். அப்பாவை நாவலூருக்கு, என் பதினோராவது மாடி ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். வில்லிவாக்கம் வீடு பூட்டிக் கிடந்தது. மாதம் ஒருமுறை கரண்ட் பில்லுக்கும் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கவும் போவேன்.

முதல் மாதம் போனபோது மாடிக்கு ஏறி நின்றேன். காக்கா வரும் என்று நினைத்தேன். முகம் மறக்காத பறவை ஆயிற்றே. வரவில்லை. எதிர் வீட்டு அக்கா சொன்னார்: "நாலு நாள் வந்து வந்து பாத்துச்சு. அப்புறம் முனையில பரோட்டாக் கடை தொறந்துட்டாங்க." எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடச் சோற்றுக்கு நாலு நாள் துக்கம். அக்காவோ சாதாரணமாகத்தான் சொன்னார். மனிதர் இல்லாத வீட்டில் காக்காவுக்கு என்ன வேலை?

கீழே இறங்கி வாசல் கேட்டைப் பூட்டத் திரும்பியபோது முற்றத்தில் இரண்டு அணில்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. அப்பாவின் பழைய சைக்கிள் சீட்டின் பஞ்சைப் பிய்த்து, ஜன்னல் ஏ.சி. இருந்த ஓட்டையில் கூடு. நான் நிற்பதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அந்த நிமிஷம் கல்லூரியில் படித்த குறுந்தொகை வரி ஒன்று, தேர்வுக்காக மட்டுமே மனப்பாடம் செய்த வரி, தானாக வந்து நின்றது. 'மக்கள் போகிய அணிலாடு முன்றில்.' தலைவன் பக்கத்தில் இருந்தால் விழா நடக்கிற ஊர் மாதிரி இருக்கிறேன், அவன் போய்விட்டால் ஆட்கள் விட்டுப்போன, அணில் விளையாடுகிற முற்றமுள்ள தனி வீடு மாதிரி ஆகிவிடுகிறேன் என்கிறாள் ஒருத்தி. எழுதியவர் பெயர் தெரியாமல் போய், அந்தச் சொல்லாலேயே அவரை அணிலாடு முன்றிலார் என்று கூப்பிடுகிறோம். அதே தொகையில் இன்னொரு பாட்டு காக்காவைப் பற்றியது. தலைவன் வருவதற்கு முன்னால் வீட்டில் கரைந்த காக்காவுக்கு, ஏழு கலம் நெய்ச்சோறு வைத்தாலும் போதாது என்கிறாள் தோழி. அதைப் பாடியவருக்கும் காக்கையாலேயே பெயர், காக்கைபாடினியார். ஒருவருக்குக் காக்கா என்றால் ஆள் வரப்போகிறது. இன்னொருவருக்கு அணில் என்றால் ஆள் போய்விட்டது. இரண்டையும் தனித்தனியாகப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். சேர்த்துப் படிக்கத் தோன்றவில்லை. அம்மா படித்தது எட்டாவது வரை. "காக்கா கத்துது, யாரு வரப்போறாங்களோ, ஒரு ஆழாக்கு சேர்த்துப் போடு" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லியிருப்பாள்.

நாவலூர் ஃபிளாட்டில் புறாத் தொல்லைக்காக பால்கனி முழுக்க வலை. பறவைகளுக்கு உணவு வைக்கக்கூடாது என்று லிஃப்ட்டில் நோட்டீஸ். எனவே அமாவாசை என்றால் அப்பா காலையிலேயே சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நான் வீட்டில் சமைத்து, டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போக வேண்டும். வாழைக்காய், புடலங்காய்க் கூட்டு, பருப்பு, வடை, அப்பளம். அவருக்கு முட்டிவலி, மாடி ஏற முடியாது. படிக்கட்டின் அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

போன அமாவாசைக்கும் போனோம். கைப்பிடிச் சுவரில், அதே மூலையில், வாழையிலைத் துண்டில் சோற்றை வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். எனக்கு அம்மா மாதிரி கூப்பிட வராது. 'கா' வில் எங்கேயோ கூச்சம் வந்துவிடும். பரோட்டாக் கடைப் பக்கம் பத்துப் பதினைந்து காக்கா. ஒன்று மட்டும் கம்பிமேல் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, பறந்துவிட்டது. ஒரு மணி. ஒன்றரை. உச்சி வெயிலில் தரை கொதித்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றேன்.

தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒன்று வந்தது. நின்றது, வாலைச் சொடுக்கியது, இன்னும் இரண்டடி வந்தது. பிறகு சுவர்மேல் ஏறி, இலையின் ஓரத்தில் குந்தி, அப்பளத் துண்டை இரண்டு கையாலும் எடுத்துச் சுற்றிச் சுற்றிக் கடிக்க ஆரம்பித்தது. கை ஓங்கினேன். இறக்கிவிட்டேன்.

கீழேயிருந்து குரல் வந்தது. "எடுத்துச்சாம்மா?"

மாத்திரை போடுகிற நேரம் தாண்டி அரைமணி ஆகியிருந்தது.

"எடுத்துச்சுப்பா" என்றேன்.